நண்பனைச் சொன்னால் முக்கால் தள்ளுபடி

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பல ஆண்டுகள் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீரும் ரத்தமும் கொடுத்துத் தப்பித்தவர். ஆய்வுக்கூடம் செய்யாததை அவரோடு ஒரே பேருந்தில் பயணித்த தோழர்கள் செய்து முடித்தார்கள்.

அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு லத்தி கிடையாது, லாக்கப் கிடையாது. கையில் இருந்தது ஒரு விதி மட்டுமே: அடுத்தவரைப் பிடிக்க உதவினால் தண்டனையில் முக்கால் பங்குவரை குறைக்கலாம். ஆடித் தள்ளுபடிகூட இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

அப்போது வழக்கமான தடை இரண்டு ஆண்டு. வாய் திறந்த வீரர்களுக்கு ஆறே மாதம். அதையும் 2012 செப்டம்பர் 1-இல் தொடங்கிவைத்தார்கள். சைக்கிள் பந்தயக் காலம் முடியப்போகிற நேரம்! குளிர்காலத்தில் வீட்டில் உட்காருவதற்குத் தண்டனை என்று பெயர்.

26 சாட்சிகள், அதில் 11 பேர் பழைய அணித்தோழர்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் வெற்றிகளிலும் கூடவே மிதித்த ஜார்ஜ் ஹின்காபியும் அதில் ஒருவர். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மனசாட்சி விழித்தது எப்படி என்று கேட்கக் கூடாது. பக்கத்து அறைக்காரன் முந்திக்கொள்வானோ என்ற பயம்கூட மனசாட்சியின் தூரத்து உறவுதான்.

ஆம்ஸ்ட்ராங்குக்கும் இதே அழைப்பு போனது. அவர் ஏற்கவில்லை, ஏழு பட்டங்களும் பறிபோய், ஆயுள்தடை வந்தது. முதலில் போட்டுக்கொடுத்த ஃபிளாய்ட் லாண்டிஸ் 2006 டூர் பட்டத்தை ஊக்கமருந்தால் இழந்தவர். ஆம்ஸ்ட்ராங் மீதான அரசுப் பண மோசடி வழக்கு 2018-இல் சமரசமானபோது, புகார் கொடுத்த லாண்டிஸுக்குக் கிடைத்த பங்கு 11 லட்சம் டாலர்.