ஆசை மட்டும் அன்லிமிடெட்

கே: அமெரிக்க மால்களில் கொடிகட்டிப் பறந்த 'தி லிமிடெட்' பெண்கள் உடைக்கடை என்ன ஆயிற்று?

ப: 1963-இல் லெஸ்லி வெக்ஸ்னர் என்ற ஒஹையோ இளைஞர் சொந்தக்காரப் பெண்மணியிடம் 5,000 டாலர் கைமாற்று வாங்கித் தொடங்கிய கடை. அப்பா அம்மா நடத்திய துணிக்கடையின் பில்களைப் புரட்டியபோதே பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: கோட்டும் கவுனும் இடத்தைத்தான் அடைக்கின்றன; பாவாடை, சட்டையில்தான் காசு. அந்த வகையை மட்டும் விற்றார், அதனால்தான் 'லிமிடெட்'! அப்பாவோ இந்த யோசனைக்குத் தலையாட்டவில்லை. பிள்ளையின் ஆசைக்கு மட்டும் அளவில்லை. 1982-இல் 'விக்டோரியாஸ் சீக்ரெட்' என்ற உள்ளாடைக் கடையையும் வாங்கிப் போட்டார். இளையவள் கொழித்தாள், மூத்தவள் மெலிந்தாள். 2007-இல் மூத்தவளின் பெரும்பங்கை விற்றுக் கைகழுவினார். மால்கள் ஈயோட்ட, 2017 ஜனவரியில் மிச்சமிருந்த சுமார் 250 கடைகளுக்கும் பூட்டு.