கைப்பிடிக்கு என்ன பூசலாம்?

என்எல்சியில் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிடலாம். லேத் பழகிய கையை என்ன செய்வது? நெய்வேலிக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி இருப்பதால் பலாக்கட்டைக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் போகும் அதே மரத்தில் ஒரு துண்டு, ஷேவிங் ரேஸருக்குக் கைப்பிடியாகிறது. சரஸ்வதி மன்னிப்பாள்.

கடைவதெல்லாம் சுலபம். மேலே என்ன பூசுவது என்பதில்தான் குடும்பம் பிளவுபடும். தேங்காய் எண்ணெய் போதும் என்பார் வீட்டம்மா. அது காயவே காயாது; நாளடைவில் சிக்கு வாடைதான் மிச்சம். அரக்கு பாலிஷ் ஜொலிக்கும். ஆனால் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது, ஆஃப்டர்ஷேவ் பட்டாலும் கரையும். மெழுகோ வெந்நீரைக் கண்டதும் ராஜினாமா கொடுத்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் நல்ல தேர்வு. என்ன, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். குவித்துவைத்த பழுப்பு நிலக்கரி தானே புகையும் ஊர்க்காரருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் பாலியூரித்தேன். மெல்லிசாகப் பல பூச்சு, நடுநடுவே உப்புத்தாள் தேய்ப்பு. ரேஸர் தலையை முடுக்கும் துளைக்குள்ளும் பூச வேண்டும். தண்ணீர் திருட்டுத்தனமாக நுழைவது அந்த வழியாகத்தான். இத்தனையும் முடிந்தபின் பலாக்கட்டை ஈரத்துக்கு அஞ்சாது. தொட்டுப் பார்த்தால் அசல் பிளாஸ்டிக்.

அதே பிளாஸ்டிக் பெட்டிக்கடையில் பிளேடோடு சேர்ந்தே தொங்குகிறது என்பதை மட்டும் ஓய்வுபெற்ற நம் லேத்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்து ஷேவிங் பிரஷ்ஷுக்குக் கட்டை அறுத்துக்கொண்டிருக்கிறார்.