குளிர் மீது பழி போடாதீர்கள், சித்தப்பா!

பர்மிங்காம்,
ஏப்ரல்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே பனி விலகி வெயில் என்று ஒன்று எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இதைப் போய் வெயில் என்று சொன்னால் எண்ணூர் வெயில் மானநஷ்ட வழக்குப் போட்டுவிடும். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் அதை நம்பி, ஐப்பசியில் கொட்டகைக்குள் தள்ளிப் போர்வை போர்த்திய பழைய கார்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். ஏப்ரல் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாடு முழுக்க ஒரு வழக்கம். 1900 ஏப்ரல் 23இல் லண்டனில் கிளம்பி எடின்பரோ வரை போய்த் திரும்பிய ஆயிரம் மைல் ஓட்டத்தின் நினைவாக வைத்த நாள். அந்த ஞாயிறு நெருங்க நெருங்கக் கொட்டகைகளில் செல்ஃப் மோட்டார் முனகும் சத்தம்தான். வண்டி கிளம்பாது. கிளம்பாததற்கு எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றே: குளிர். "அந்தக் குளிரில் மனுஷனே எழுந்திருக்க மாட்டான், வண்டி எப்படி எழுந்திருக்கும்?" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணூரில் லாரி செய்தே ரிட்டயர் ஆனவரிடம் இன்ஜின் பற்றி எதிர்வாதம் செய்யக் கொஞ்சம் தைரியம் வேண்டும். நடுவில் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் சொல்கிறேன்: குளிர் நிரபராதி. வண்டியைக் கெடுப்பது சும்மா நிற்பதுதான்.

இந்த வழக்கில் நமக்கு என்ன வேலை என்று சித்தி கேட்பார்கள். வேலை இருக்கிறது. பர்மிங்காமின் தென்மேற்கு ஓரத்தில் லாங்பிரிட்ஜ் என்று ஓர் இடம். 1905இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் கார்த் தொழிற்சாலை தொடங்கிய இடம். அங்கே 1947இல் பிறந்த ஆஸ்டின் ஏ40 காரைத்தான், ரகுநந்தன் சரண் தம் மகன் பெயரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு முதல் எண்ணூரில் பாகங்களாக இறக்கிப் பூட்டி ஓடவிட்டது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸுமாக மாறிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாங்பிரிட்ஜிலிருந்து கொஞ்சம் தெற்கே போனால் ரெட்டிச், ராயல் என்ஃபீல்டின் பிறந்தகம். அதன் புல்லட் அதே 1950களில் திருவொற்றியூரில் வந்து குடியேறியது. இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்த இரண்டு வண்டிகளும், கடல் கடந்து வந்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே வீடு பார்த்திருக்கின்றன. லாங்பிரிட்ஜ் ஆலை 2005இல் படுத்துவிட்டது. எண்ணூரில் இன்னும் லாரி வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இங்கே ஓர் ஏ40 கிளம்ப மறுத்தால், அது நம் குடும்ப விவகாரம்.

சாட்சிகளைக் கூப்பிடுகிறேன். முதல் சாட்சி கனடாவின் வினிப்பெக் நகரம். ஜனவரியில் அங்கே மைனஸ் 30 டிகிரி என்பது செய்தியே இல்லை. காரின் முன்புறம் ஒரு பிளக் தொங்கும்; இரவில் அதைக் கரண்டில் மாட்டி இன்ஜினுக்குச் சூடு காட்டுவார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிடும், ஏனென்றால் அது நேற்றும் ஓடியது. இரண்டாவது சாட்சி பர்மிங்காம். இந்த ஊர்க் குளிர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயும் கீழேயுமாக ஆடிக்கொண்டிருக்கும் சோம்பேறிக் குளிர். அதுவும் வண்டியை வெளியே எடுக்கும் ஏப்ரலில் போயே போய்விட்டது. இருந்தும் வண்டி கிளம்பவில்லை. மூன்றாவது சாட்சியை நீங்களே பார்த்தீர்கள். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு போட்டார்கள். தளர்த்தியபோது அக்னி நட்சத்திரம். சென்னையில் எத்தனை கார்களும் பைக்குகளும் பேட்டரி டவுனாகி, எலி கடித்த ஒயரோடு தெருவில் நின்றன? மெக்கானிக்குகளுக்கு அப்போது மூச்சுவிட நேரமில்லை. 40 டிகிரி வெயிலில் நின்று கெட்ட வண்டிக்கு எந்தக் குளிரும் காரணம் ஆகாது.

"பேட்டரி குளிரில் செத்துப்போகுமே" என்பீர்கள். உண்மைதான், மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியின் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுழற்ற இன்னும் அதிக சக்தி கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் நிலைமை. ஆனால் இது அந்தக் காலை நேரத்துக் கஷ்டம்; சூடு ஏறினால் பேட்டரி பழைய பலத்துக்கு வந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50க்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கிப்போனதோ மைனஸ் 10க்கு அருகிலேயே உறைந்து, உறை வெடித்துவிடும். அப்படியானால் கொன்றது குளிரா, சார்ஜ் போடாமல் விட்ட ஆளா? தானாக சார்ஜ் இறங்குவதும் குளிரில் மெதுவாக நடக்கும், வெயிலில் வேகமாக நடக்கும். துருவும் அப்படி, பெட்ரோல் கெடுவதும் அப்படி. கணக்குப் பார்த்தால், நிற்கும் வண்டிக்கு எண்ணூரைவிடப் பர்மிங்காம் நல்ல இடம். சிலிண்டர் பிளாக்கில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரிந்து இரும்பையே பிளந்துவிடும் என்பது மட்டும் கனமான குற்றச்சாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் உறையாமல் காக்கும் கிளைகால் கலந்து விட்டிருந்தாலோ, முன்காலத்தார் செய்ததுபோல இரவில் ரேடியேட்டரைத் திறந்து வடித்திருந்தாலோ பிளாக் பிழைத்திருக்கும்.

சும்மா நிற்பது என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போகும். மிச்சம் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். நம் ஊரில் அது இருபதை எட்டி, பங்க்குக்குப் பங்க் சண்டை நடப்பதாகக் கேள்வி. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய வண்டிக்கு விலை கூடிய, எத்தனால் குறைந்த பெட்ரோலையே ஊற்றுகிறார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலைக் கட்டிப்பிடித்து விவாகரத்துக்கு மறுக்கும். அதைத் தடுக்கப் பெடலை அமுக்கி ஒரு கட்டையைக் கொடுத்து வைப்பார்கள். ஏர் கிளீனரில் எலி பிரசவம் பார்க்கும். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் முழுக்கக் கீழே வடிந்து, உலோகம் அம்மணமாக நிற்கும். லூகாஸ் கம்பெனி மின்சாமான்களைப் பற்றி வெள்ளைக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை ஒன்று உண்டு, ஜோசப் லூகாஸ் இருட்டின் இளவரசராம். பாவம், அதிலும் பாதிக்கு மேல் பாயிண்டிலும் எர்த்திலும் படிந்த துருதான் காரணமாக இருக்கும். ஓர் உப்புத்தாளில் தீர்ந்துபோகும் வழக்கு.

"அப்படியானால் வாரத்துக்கு ஒரு தடவை கொட்டகையிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டியதுதானே?" இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வரும் என்று தெரியும். என் வாதத்தையே என் மேல் திருப்பிவிடும் கேள்வி. இங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், செய்துவிட்டுப் பெருமையும் படுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடேறிய இன்ஜினில் அது ஆவியாக வெளியே ஓடிவிடும். ஐந்து நிமிஷம் ஓடி அணைந்த இன்ஜினிலோ, சோறு கொதிக்கும் பானையின் மூடியில் நீர் கோத்துக்கொள்வதுபோல சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும். சோக் இழுத்து வைத்ததில் எரியாத பெட்ரோல் வேறு சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். செல்ஃப் எடுத்த சார்ஜை அந்த ஐந்து நிமிஷத்தில் டைனமோ திருப்பிக் கொடுக்காது. ஆக, ஓட்டுவதாக இருந்தால் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். இல்லையென்றால் ஒழுங்காகத் தூங்கவிட வேண்டும். அரைகுறையாகத் தட்டி எழுப்புவது சும்மா நிற்பதைவிட மோசம்.

சாலையில் ஓட்டுவதற்குத்தான் இங்கே ஒரு தடை. பனிக்காலத்தில் நகராட்சி லாரிகள் சாலை முழுக்கப் பாறை உப்பைத் தூவிக்கொண்டு போகும். செஷயர் பக்கம் வின்ஸ்ஃபோர்டில் 1844இல் திறந்த சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் உப்பு. பழைய காரின் அடித்தகட்டுக்கு அதைவிட விஷம் கிடையாது. எண்ணூரில் கடல்காற்று இலவசமாகச் செய்யும் வேலையை இவர்கள் வரிப்பணத்தில் செய்கிறார்கள். அதனால் வண்டியை நிறுத்தி வைப்பதில் நியாயம் இருக்கிறது. எப்படி நிறுத்துகிறார்கள், எப்படி எழுப்புகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

சரியாக எழுப்புகிறவர்கள் முதல் நாள் சாவியையே தொடமாட்டார்கள். பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றுவார்கள். எலிக்கூடு பார்ப்பார்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுவார்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் தள்ளி, முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையாலேயே மெதுவாகச் சுற்றுவார்கள். ஏ40இல் இருப்பது 1200 சிசி இன்ஜின். பிளக் இல்லாதபோது ஒரு கிழவர்கூடச் சுற்றிவிடலாம். தட்டாமல் உரசாமல் சுற்றினால்தான் அடுத்த கட்டம். பிளக் மாட்டிய பிறகு ஹேண்டில் போடுகிறவர்கள் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டும்போது, பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதை மறக்கக் கூடாது. பிளக் இல்லாமலே செல்ஃபைச் சுழலவிட்டு, ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக்கை மாட்டி, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வார்கள். ஆயில் போய்ச் சேராத அந்த முதல் விநாடிகளில் இன்ஜின் அதிகமாகத் தேயும். கிளம்பாத வண்டியை ஆளைக் கூட்டித் தள்ளிக் கிளப்புகிறவர்கள் இந்தத் தேய்மானத்தைத்தான் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். கிளம்பிவிட்டதே என்று உடனே சாலைக்கும் விடமாட்டார்கள்; பிரேக் பிடிக்கிறதா என்று வாசலிலேயே பார்ப்பார்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. அரசாங்கம் சோதிக்காது என்றால் வைத்திருப்பவர்தான் சோதிக்க வேண்டும், பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே நிற்கும் மரம் விலகிக்கொள்ளாது.

நிற்கவிட்டதே தப்பு என்றால், நூறு வயது வண்டிகள் மியூசியத்தில் பத்திரமாக நிற்கின்றனவே என்று தம்பி கேட்பான். நிற்கின்றன, தண்ணீரும் பெட்ரோலும் வடித்து, பேட்டரியைக் கழற்றி, ஈரமில்லாத அறையில். அப்படி நிறுத்தினால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா, உங்கள் திருவொற்றியூர் புல்லட் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்பதாகத் தம்பி எழுதியிருந்தான். அங்கே பனியும் இல்லை, குளிரும் இல்லை. பழி போட ஆளே கிடையாது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கார்புரேட்டரை வடித்து, பேட்டரியை இறக்கிச் சார்ஜில் போடச் சொல்லுங்கள். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை சும்மா மிதித்து, ஆயில் மேலே ஏறிய பிறகு உதைக்கச் சொல்லுங்கள். கிளம்பினால் காசிமேடு வரையாவது ஒரு நடை ஓட்டிவிட்டு வரட்டும், திரும்பும்போது மீனும் வாங்கலாம். சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்