ரங்கப்பிள்ளை வீதியின் புது துபாஷி

மாமாவின் கடை புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கம். துடைப்பம், முறம், கூடை, கோரைப்பாய், தாம்புக் கயிறு. போர்டு கிடையாது, வாசலில் தலைகீழாகத் தொங்கும் தென்னந்துடைப்பம்தான் போர்டு. நாற்பது வருஷம் இப்படியே ஓடிய கடைக்குள் போன வருஷம் ஒருநாள், முதுகில் பை, கையில் செல்போன், அதைத் தாங்க ஒரு குச்சி சகிதம் ஒரு தம்பி நுழைந்தான். துடைப்பத்தைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்தபடியே, "அங்கிள், நீங்க எங்கயுமே இல்ல" என்றான்.

"இங்கதானே தம்பி உக்காந்திருக்கேன்" என்றார் மாமா.

இந்தத் தம்பியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீதிக்கு ஒருவன் இருக்கிறான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை வந்தபோது பாதி உயிர் போய், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்ததும் எழுந்து உட்கார்ந்தவன். படித்தது மெக்கானிக்கல். விசிட்டிங் கார்டில் 'டிஜிட்டல் குரோத் ஸ்ட்ராட்டஜிஸ்ட்'. வீட்டில் பெயர், 'செல்லு நோண்டறவன்'. ஊர்க் கடைகளையெல்லாம் உலகுக்குக் காட்டும் அவனுடைய சொந்தப் பக்கத்தில் கடைசிப் பதிவு விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கேட்டால், "கிளையன்ட் ஒர்க்ண்ணா, டைமே இல்ல." வாத்தியார் பிள்ளை மக்கு என்பதைப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்: நெட்டுக்குத்தாகப் போனில் அடங்குவது, அடங்காதது. துடைப்பத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "ஒன்பதுக்குப் பதினாறுக்குன்னே பொறந்த பொருளுண்ணா இது!" முறம் அகலம் என்பதால் அதன்மேல் அவ்வளவு மரியாதை இல்லை. பாயைச் சுருட்டினால் ரீல், விரித்தால் போஸ்ட்.

முதல் ரீலுக்குக் கடையே வேண்டாம் என்றுவிட்டான். புதுச்சேரியில் எதை விற்றாலும் மஞ்சள் சுவருக்கு முன்னால் நிறுத்தித்தான் விற்கவேண்டுமாம். துடைப்பத்தையும் முறத்தையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு துய்மா வீதிக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன்னால் மூன்று கல்யாண ஜோடிகள் அதே சுவருக்கு வரிசையில் நின்றன. ஒரு ஜோடியின் போட்டோகிராபர் எங்கள் முறத்தைப் பார்த்துவிட்டு, "ப்ராப்பா தர்றீங்களா?" என்றார். அந்தப் பெண் அதைத் தலைக்குமேல் பிடித்துச் சிரித்தாள். மாமா கடை முறம் முதல்முதலாக வைரலானது அவள் பக்கத்தில்தான். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு விழுந்த லைக் பதினொன்று. அதில் ஒன்று நான், இரண்டு அவன்.

அடுத்தது பெயர்த் தகராறு. 2006இல் ஊர் சட்டப்படி புதுச்சேரி ஆகிவிட்டது. இலக்கியக் கூட்டத்தில் அது புதுவை. பஸ் கண்டக்டருக்குப் பாண்டி. தேடுகிறவன் எந்தப் பெயரில் தேடுவான் என்று தெரியாததால், தம்பி ஒவ்வொரு துடைப்பத்துக்குக் கீழும் எல்லாப் பெயரையும் வரிசையாகக் கட்டினான். 'பாண்டி' என்ற ஹேஷ்டேகைத் தட்டிப் பார்த்த மாமாவுக்கு வந்தது முழுக்க பாட்டில். "என் துடைப்பத்தை ஏம்ப்பா சாராயக்கடையில கொண்டு நிறுத்தின?" என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆனால் உண்மையான வினை மத்தியானத்தில் வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரின் பழைய கடைகள் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றும். இது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்கிறார்கள். சோறும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும் பழக்கம் என்பது என் கட்சி. எப்படியோ, தம்பி ஆர்வக்கோளாறில் கூகுள் மேப்பில் கடையைக் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை திறந்துவிட்டான். ஒரு சனிக்கிழமை இரண்டு மணிக்கு, பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, வெயிலில் நின்றபடியே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனது.

நட்சத்திரத்தோடு அவர்கள் எழுதியிருந்த ஆங்கிலத்தைத் தம்பி படித்து, "கொஞ்சம் வருத்தப்பட்டிருக்காங்க அங்கிள்" என்று பெயர்த்தான். அதில் இருந்த கடைசி வார்த்தையை நானும் பார்த்தேன்; அது வருத்தம் இல்லை. "பதில் எழுது" என்றார் மாமா. "மத்தியானம் மனுஷன் தூங்கமாட்டானா? ரெண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினா பேய் புடிச்சவன்னு நினைப்பேன்னு எழுது." தம்பியின் கட்டைவிரல்கள் ஓடின. கூகுளில் விழுந்தது இதுதான்: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. வாடிக்கையாளர்களின் மனநிறைவே எங்கள் உயிர்மூச்சு. மீண்டும் தங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்.'

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது இந்த வீதிக்குப் புதிய தொழிலே இல்லை. வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கு மரியாதையாகவும், அந்தப் பக்கத்து அதட்டலை இந்தப் பக்கத்துக்கு இதமாகவும் பெயர்க்கத் தெரியாமல் ஒருவர் அந்த நாற்காலியில் காலம் தள்ளியிருக்க முடியாது. அன்றைக்கு மாடியில் கவர்னர் இருந்தார். இன்றைக்கு அல்காரிதம் இருக்கிறது. இரண்டின் மனசும் கீழே நிற்கிற வியாபாரிக்குப் புரியாது. பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பும் எழுதினார். தம்பியிடம் இதைச் சொன்னேன். "இருபத்தஞ்சு வருஷம் கன்சிஸ்டன்ட்டா போஸ்ட் போட்டிருக்காரா! வியூஸ் எவ்ளோ?" என்றான். 1846இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் படும்வரை அது தூசியில் கிடந்தது என்றேன். எண்பத்தைந்து வருஷம் ரீச் இல்லாமல் கிடந்த ஒரு மனுஷனுக்காக அவன் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெங்களூர் நட்சத்திரத்துக்குப் பிறகு அவன் பத்து நிமிஷம் உட்கார்ந்து மேப்பில் நேரத்தைத் திருத்தினான்; தப்பான சந்தில் நின்ற குறியை நம் வாசலுக்கு இழுத்தான்; மாமாவின் போன் நம்பரைப் போட்டான்; வாட்ஸ்அப் பிசினஸில் கூடை வகைகளை விலையோடு ஏற்றினான். அடுத்த வாரமே கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து துணி போட இருபது கூடைக்கு ஆர்டர் வந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவன் பில் போடவில்லை. அது 'கன்டென்ட்' இல்லையாம். பில் வந்தது, ஒரு துடைப்பமும் விற்காத பன்னிரண்டு ரீலுக்கு.

மாமா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பற்று வரவு நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, 'ரீல் தம்பிக்கு' என்று எழுத ஆரம்பித்தார். தம்பி துள்ளி எழுந்தான். "அங்கிள், அப்படியே இருங்க! இந்தக் கையெழுத்து, இந்தப் பழைய நோட்டு, செம எஸ்தெடிக். இத வெச்சே ஒரு சீரீஸ் போடலாம்." குச்சியை நிறுத்தி, கடன்காரர் பக்கத்தை மெதுவாகப் பெரிதாக்கிக்கொண்டே போனான்.

"மூணாவது வரிய நல்லா காட்டு தம்பி" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

திரை நிறைய அவன் அம்மாவின் பெயர் வந்து நின்றது: துடைப்பம் இரண்டு, முறம் ஒன்று, பொங்கல் பாக்கி.

அந்த சீரீஸ் வரவில்லை. வாங்கிய பணத்திலிருந்து ஒரு பகுதி அங்கேயே கல்லாவுக்குத் திரும்பிப் போனது.