பீட்டுத் தம்பி

பீட்டுத் தம்பி என்பவர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பதினெட்டு வயதுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில் காணப்படும் ராப் பாடகர். கல்லூரிப் பதிவேட்டில் பி.காம். இரண்டாம் ஆண்டு, வீட்டில் 'சும்மாதான் இருக்கான்', இன்ஸ்டாகிராமில் 'ஆர்ட்டிஸ்ட்'. மூன்றும் ஒரே ஆள்தான். மாட்டுக்குக் கட்டும் கனத்தில் ஒரு செயின், முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், தலையை மூடும் கறுப்பு ஹூடி ஆகியவை அடையாளம். ஹூடி நான்கு நண்பர்கள் பங்கு போட்டு வாங்கியது. முறை வைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இவருடைய குலமுறை நீளமானது. 1994இல் 'காதலன்' படத்தில் வந்த 'பேட்டை ராப்' அப்பா காலத்துப் பாட்டு. 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்த மலேசிய யோகி பி குழுவினர் பெரியப்பா முறை. குலதெய்வம் கோவை ஆதி. 2011இல் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பற்றிக்கொண்டது, அடுத்த ஆண்டு 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு, பிறகு சினிமா இசை, 2017இல் சொந்தக் கதையையே படமாக்கிய 'மீசைய முறுக்கு' என்று ஆதி ஏறிய படிகள் எல்லாம் தம்பிக்கு மனப்பாடம். படிக்கும் படிக்கும் நடுவே கழிந்த வருடங்கள் மட்டும் கணக்கில் வராது.

மும்பை ராப்பர் டிவைன் தன் பகுதி பின்கோடின் கடைசி இரண்டு இலக்கமான 59ஐ முழங்கியதிலிருந்து, எண் இல்லாத ராப்பர் ராப்பரே இல்லை என்றாகிவிட்டது. தம்பியின் எண் வண்டிப் பலகையில் இருக்கும் டி.என். 15. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது மற்றவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. தம்பிக்குப் பெருமையடிக்க ஓர் ஊர் வந்தது.

பாட்டு பிறக்கும் முறை எளிது. யூடியூபில் இலவச பீட் ஒன்றை இறக்கி, மொட்டை மாடியில் போர்வைக்குள் புகுந்து, போனிலேயே பாடிப் பதிவு செய்வார். போர்வை எதிரொலியைத் தடுக்கும். மே மாதத்தில் மூச்சையும் தடுக்கும். பீட் செய்தவர் தன் பெயரை ஆங்கிலத்தில் முனகி முத்திரை வைத்திருப்பதால், கச்சிராயபாளையம் பற்றிய பாட்டு ஒரு வெள்ளைக்காரர் குரலில் தொடங்கும். "முன்னாடி எவன்டா பேசறான்?" என்று ஆயா கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

வரிகள் எழுதுவதில் தமிழ் இலக்கணமே துணைக்கு வருகிறது. மரபுக் கவிஞர்கள் அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவர எதுகைக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ராப் கேட்பது அடியின் முடிவில் இயைபு. அதை வினைமுற்று இலவசமாகத் தந்துவிடும்: வந்தேன், நடந்தேன், விழுந்தேன், எழுந்தேன். பதினாறு அடியும் இப்படித் தேனாகச் சொட்டும். தேன் தீர்ந்த இடத்தில் 'டா'. எல்லாப் பாட்டிலும் தம்பி வளர்வதைப் பொறுக்காத எதிரி ஒருவன் உண்டு. விசாரித்தால், ஏழாம் வகுப்பில் பேட் கொடுக்காத பையன். சரக்கைப் புகழும் வரி மட்டும் இருக்காது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஊரில் அதை வீட்டில் பாடிக் காட்ட முடியாது.

படப்பிடிப்புக்குக் கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கீழே வியர்வைப் பையாக இருந்த ஹூடிக்கு வெள்ளிமலையில்தான் முதன்முதலாக வேலை கிடைக்கிறது. மேகம் அருவிக்கு முன்னால் பாடினால் அருவிதான் பாடும். ஆகவே மரவள்ளிக் காட்டோரம் நின்று, விரல்களை முறுக்கி, "இது என் ஏரியா" என்று தம்பி முழங்குவார். களை பறித்துக்கொண்டிருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள், நிலம் அளக்க வந்த பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து, பட்டா எப்போது வரும் என விசாரிப்பார்கள். அவர்கள் கேள்விக்குப் பாட்டில் இடம் இல்லை, இருந்திருக்கலாம். மலையில் பல வளைவுகளில் சிக்னல் நிற்பதில்லை. பாட்டை ஏற்ற மலையை இறங்கியாக வேண்டும்.

அந்த இறங்கும் பஸ்ஸில்தான் விஷயம் நடக்கிறது. ஆறு மாதம் உழைத்த பாட்டை அதுவரை 212 முறை பார்த்திருப்பார்கள். அதில் நாற்பது முறை தம்பியே. கண்டக்டர் ஒரே மூச்சில் கூவுகிறார்: வெள்ளிமலை, கரியாலூர், கோமுகி டேம், கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சில்லறையா குடு, படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ. பொழுது போகாமல் கம்பியில் தாளம் தட்டித் தம்பி அதைத் திருப்பிப் பாட, நண்பன் பதினெட்டு விநாடி வீடியோ பிடித்து ரீல்ஸில் போட்டுவிடுகிறான். விடிவதற்குள் லட்சம் தாண்டிவிடுகிறது. வீடியோவை முடிவு வரை பார்க்கிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்பதற்கு ரீல்ஸ் நிறைய மதிப்புப் போடும். அந்த பஸ்ஸில் தொங்கியவர்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அனுப்ப ஒரு பழைய சேக்காளி இருக்கிறான். 2021 மார்ச்சில் அரக்கோணத்து அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையை 'என்ஜாய் எஞ்சாமி'க்குள் வைத்தபோதும் உலகம் திரும்பிப் பார்த்தது. தன் ஊர் வாழ்க்கையைப் பாட்டுக்குள் வைத்ததைத் தம்பி தெரிந்து செய்யவில்லை என்பதுதான் வித்தியாசம்.

புகழ் வந்ததும் "ஐ.டி.ஐ.ல சேருடா" என்ற மாமா செல்ஃபிக்கு நிற்கிறார். செல்போன் கடைத் திறப்புக்கு அழைப்பு வருகிறது. பிரியாணிக் கடை விளம்பரத்துக்குச் சம்பளம் பிரியாணி. யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. லட்சம் பேர் சேர்ந்தால் வெள்ளிப் பட்டன் வரும். அதை அடகுக் கடையில் எடுப்பார்களா என்று அம்மா முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்.

இரண்டாம் பாட்டு சென்னை ஸ்டூடியோவில் தயாராகிறது. ட்ரோன், வாடகை கார், பாதி ஆங்கிலம் எல்லாம் உண்டு, கண்டக்டர் இல்லை. பார்வை மறுபடி மூன்று இலக்கத்துக்கு இறங்குகிறது. அதற்குள் சங்கராபுரத்தில் ஒரு பையன் தம்பியைத் திட்டி டிஸ் டிராக் போடத் தயாராகிறான். ஷூட்டிங்குக்கு நல்ல கறுப்பு ஹூடி ஒன்று கிடைக்குமா என்று விசாரித்து, தம்பியின் பங்காளி ஒருவனிடமே இரண்டு நாள் இரவலாக வாங்கிப் போயிருக்கிறான்.