கொலுசு பார்க்கும் பெரியம்மா

கல்யாண வீட்டில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து "வாங்க" என்பார்கள். கொலுசுப் பெரியம்மா காலைப் பார்த்துச் சொல்வார். எந்தச் சொந்தக்கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் குடும்பம் என்றால் இரண்டு பேர்கூடத் தேறுவார்கள். கொலுசுக்குக் கண்ணி கண்ணியாகக் கையால் பற்றவைக்கிற பட்டறைகள் நிறைந்த ஊர் அல்லவா!

"ஏன் கண்ணு, கொலுசு இப்படிக் கறுத்துக் கெடக்குது? உடம்புல சூடு சாஸ்தி."

நோய் கண்டுபிடித்தாயிற்று. மருந்தும் உடனே வரும்: வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெந்தயம் ஊறிய தண்ணீர், கோழிக்கறிக்கு ஒரு மாதம் விடுப்பு. மெட்டி மட்டும் கறுத்திருந்தால் கண் திருஷ்டி. இரண்டும் கறுத்திருந்தால் மாமியாரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கெமிஸ்ட்ரி படிக்கும் தங்கை மகள் சும்மா இருக்கமாட்டாள். "காத்துலயும் வேர்வையிலயும் இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகுது பெரியம்மா. சூடெல்லாம் காரணமில்ல."

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிடும். "அதைத்தான நானும் சொல்றேன்? கந்தகம் என்ன, குளிர்ச்சியா?"

கறுக்காமல் பாதுகாப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கொலுசை ரப்பர் பேண்டால் கட்டினால் கையில் ஒரு தட்டு விழும். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பது அவருக்குத் தெரியாது; ரப்பர் பேண்டு இருந்த இடம் மை தீட்டியதுபோல் கறுக்கும் என்பது தெரியும். முட்டை உரித்த கையோடு யாரையும் வெள்ளிக் கிண்ணத்தின் கிட்டே அண்ட விடமாட்டார். கழற்றிய கொலுசை நன்றாகத் துடைத்து, கடைக்காரர் தந்த ரோஸ் தாளிலேயே சுற்றி, இறுக்கி மூடும் டப்பாவில் ஒரு சாக்பீஸோடு வைப்பார். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்தின் சொத்து என்பது தனிக்கதை.

கறுத்துவிட்டதை வெளுக்கும்போதுதான் ஆபத்து. விபூதி, பூந்திக்கொட்டை, பல்பொடி என்று வரிசையாக இறங்கும். தேய்க்கப் பெரியப்பாவின் பழைய பிரஷ். அவசரத்துக்குப் புதியதும் போகும். தங்கை மகள் ஒருநாள் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்துச் சமையல் சோடாவைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கொலுசைத் தாளின் மேல் படும்படி முக்கினாள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டது. லேசாக அழுகிய முட்டை வாடை. கொலுசு பளிச்சென்று வெளியே வந்தது. ஒரு பொட்டு வெள்ளியும் தேயவில்லை. பெரியம்மா மோந்து பார்த்தார். "தேய்க்காம வந்த வெளுப்பு நிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விபூதி போட்டு மறுபடி தேய்த்தார்.

அந்தப் பெண் ஆசையாய் வாங்கிய ஜிமிக்கிக்கும் அந்தக் கதிதான். கைவேலை வெள்ளி, கந்தகக் கரைசலில் முக்கி வேண்டுமென்றே கறுப்பாக்கி, மேடுகளை மட்டும் மினுக்கி, செதுக்கிய குழிகளில் கறுப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்புக்குத்தான் பாதி விலை என்பேன் நான். பெரியம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைத் துடைத்தெடுத்து, காலையில் காபியோடு கொண்டுவந்து நீட்டினார்.

"எவனோ கறுத்த சரக்கை உன் தலையில கட்டிட்டான் கண்ணு. நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

அவள் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்றே இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன தீபாவளிக்குத் தன் பழைய கொலுசைப் போட்டுப் புதுசு எடுக்கக் கடைக்குப் போனார். வாங்கிய அன்றைய பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார்: 120 கிராம். கடைப் பையன் எடை போட்டான். 111 கிராம். இன்னொருமுறை வைத்தான், அதே 111. "தேய்மானம்மா. சாம்பல், பல்பொடி ஏதாச்சும் போட்டுத் தேய்ப்பீங்களா? அது வெள்ளியையும் அரிச்சு எடுத்துரும்" என்றான் பணிவாக.

பெரியம்மா குனிந்து எலக்ட்ரானிக் தராசின் தட்டைப் பார்த்தார். ஓரமெல்லாம் விரல் தடம், தூசி.

"தட்டை இப்படி வெச்சிருந்தா எடை எப்படித் தம்பி சரியா காட்டும்? சாமி படத்துக்கிட்ட விபூதி இருக்குதல்ல? எடுத்தா, தேய்ச்சுத் தர்றேன்."