கறுப்பு அங்கியில் காலிப் பை

ஊரார் கூலிக்கெல்லாம் வாதாடும் சீனியரின் பின்னால் கேஸ் கட்டைச் சுமந்து நடக்கும் ஜூனியருக்குக் கூலி உண்டா என்பது மட்டும் எந்த வழக்கிலும் எழுவினா ஆவதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை கிடைக்கச் செய்யுமாறு பார் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்கே நோட்டீஸ் அனுப்புகிறவர்களுக்கு வந்த நோட்டீஸ்! 'தொழில் கற்றுத் தருகிறோமே, அது போதாதா?' என்பது எதிர்வாதம். கற்பது மெய்தான், வாய்தா வாங்குவதும் ஒரு கலை. ஆனால் ஜூனியர் வாங்கிய அந்த வாய்தாவுக்கும் கட்சிக்காரர் பீஸ் கட்டியிருக்கிறார். 'நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்று முன்தீர்ப்புக் காட்டுவார்கள். வந்தவர்கள் சொல்லும் சாட்சியம் அது. வீட்டில் சோறு போட ஆளில்லாமல் பாதியில் அங்கியைக் கழற்றியவர்களுக்கு யாரும் சம்மன் அனுப்புவதில்லை.